நூறு மீட்டருக்குக் கால் மணி நேரம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். கூகுள் மேப்பைக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடச் சொல்லும். அது கார்க்காரருக்கான நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் சென்னை சைக்கிள்காரர் இந்த 33-ஐப் பார்த்ததும், ‘ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு’ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். நீலகிரிக்குப் போகும் பாதிப் பேரின் பயணம் கெடுவது இந்த இடத்தில்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. நடுவில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மீட்டரைக் கால்தான் தூக்கியாக வேண்டும்.

மலையில் சைக்கிள் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கிலோமீட்டரை மறந்துவிடுவது நல்லது. ஏற்றம் எத்தனை மீட்டர், வெளிச்சம் எத்தனை மணி நேரம் என்ற இரண்டு எண்கள் போதும். பை, கியர், டயர், தங்குமிடம் எல்லாம் இந்த இரண்டுக்கும் அடங்கி நடப்பவை.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், பதின்மூன்று கிலோ சைக்கிள், பத்து கிலோ மூட்டை. மொத்தம் 93 கிலோ. அன்றாடம் அலுவலகம் போய்வந்து, வார இறுதியில் மட்டும் சைக்கிள் மிதிக்கும் உடம்பு மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய சக்தி நூறு, நூற்றிருபது வாட். அந்தச் சக்தியில் 93 கிலோவை மேலே ஏற்றினால், சாலை உராய்வுக்குக் கொடுத்தது போக, மணிக்கு 400 மீட்டர் உயரம் கிடைக்கும். அதாவது நூறு மீட்டருக்குக் கால் மணி நேரம். கோத்தகிரிக்கு இந்தக் கணக்கில் மூன்றே முக்கால் மணி நேரம் மிதிக்க வேண்டும். டீ, மூச்சு வாங்குதல், போட்டோ, ஒருமுறையாவது கழன்றுவிழும் செயினை மாட்டுதல் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி உள்ளவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்களுக்காக இதை எழுதவில்லை.

ஐந்து மணி நேரமா என்று மனம் தளர்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டியைத் தொட நண்பகல் ஆகிவிடும். குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் போய்ச் சேர்ந்த பாதை அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயர்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டு, அதைப் பற்றிக்கொண்டுதான் எஞ்சின் ஏறுகிறது. கோத்தகிரி சாலை அவ்வளவு கொடுமையில்லை. நூறு மீட்டருக்குச் சராசரியாக ஐந்து மீட்டர் உயரும்.

எந்த மாதம்?

நீலகிரிக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் வந்து மேற்குச் சரிவைப் பிடிக்கும்: கூடலூர், பைக்காரா, அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடிக்கும். நாம் ஏறப்போகும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இதுதான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. தீபாவளி லீவு நீளமாக இருக்கிறதே என்று அந்த வாரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மலையேறுவதற்கு முன்னால் நாலு நாள் வானிலை அறிக்கையைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் பருவமழை கிடையாது, வண்டிதான் மழையாகக் கொட்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய மோட்டார் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில், வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. கட்டுப்படுத்திய பிறகும் எட்டாயிரம். கோடை சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவது வழக்கம். அந்தச் சமயத்தில் கோத்தகிரி சாலையில் ஏறுகிற சைக்கிள்காரர், ஊட்டியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் மொத்தக் கூட்டத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

என் தேர்வு பொங்கல் கழிந்து பிப்ரவரி பாதி வரை. மழை ஓய்ந்திருக்கும், காடு இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது, பரீட்சை நெருங்குவதால் குடும்பக் கூட்டமும் குறைவு. குளிர்தான் விலை. ஜனவரியில் ஊட்டியில், குறிப்பாகத் தலைகுந்தா, காந்தல் பக்கம், விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும். மேட்டுப்பாளையத்தில் வேர்க்க வேர்க்க ஏறத் தொடங்கும் அதே நாள் இரவில் கம்பளி கேட்கும் என்பதை நினைத்துப் பை கட்ட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு.

வழி

சென்னைக்காரர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவில் சென்ட்ரலில் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். சைக்கிளை லக்கேஜாக பார்சல் அலுவலகத்தில் பதிந்து அதே ரயிலில் ஏற்றலாம். பெயர், ஊர், ரயில் எண் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். பின்பக்க கியர் தொங்கும் இடத்தைச் சாக்குத் துணியால் சுற்றிவிடுவது உத்தமம், ஏனென்றால் அதன்மேல் என்ன சாய்ந்து வரும் என்று சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் கடைசி ஸ்டேஷன் என்பதில் ஒரு வசதி உண்டு. நடுவழி ஊர்களில் இரண்டு நிமிட நிறுத்தத்துக்குள் லக்கேஜ் பெட்டியிலிருந்து சைக்கிள் இறங்குமா என்று அடித்துக்கொள்ளும் நெஞ்சுக்கு இங்கே வேலையில்லை.

பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் குன்னூர், வலது பக்கம் கோத்தகிரி. வலது பக்கம் போங்கள். குன்னூர் சாலைதான் தேசிய நெடுஞ்சாலை; லாரி, பேருந்து, சுற்றுலா வேன் எல்லாம் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். கோத்தகிரிப் பக்கம் ஒப்பிட்டால் அமைதி. பழமையும் அந்தப் பக்கத்துக்குத்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் மலைக்குப் போட்ட முதல் பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாகத்தான் ஏறியது. ஊட்டி என்ற நகரமே அதற்குப் பிறகு வந்ததுதான்.

நான் சொல்லும் சுற்று இது: முதல் நாள் கோத்தகிரி. இரண்டாம் நாள் கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா சந்திப்பு வரை அறுநூறு எழுநூறு மீட்டர் ஏறி, ஊட்டிக்கு இறங்குவது. தூரம் முப்பதுக்குள்தான்; மதியச் சாப்பாடு ஊட்டியில். மூன்றாம் நாள் மஞ்சூர். நான்காம் நாள் மஞ்சூரிலிருந்து குந்தா பாலத்துக்கு இறங்கி, மறுபடி ஏறிக் குன்னூர். ஐந்தாம் நாள் காலை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம். எல்லாம் சேர்த்து 160 கிலோமீட்டர் சொச்சம். ஐந்து நாளைக்கு இது தானா என்று தோன்றும். ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். மூவாயிரம் மீட்டரைத் தாண்டும்.

இதில் மூன்றாம் நாளை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை என்பது எனக்குக் குறை. ஊட்டியை விட்டுத் தெற்கே திரும்பிய கொஞ்ச நேரத்தில் சுற்றுலா நீலகிரி முடிந்து, வேலை செய்யும் நீலகிரி தொடங்கிவிடுகிறது. முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலாடா பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட், உருளை, முட்டைக்கோஸ் படிக்கட்டுத் தோட்டங்கள். ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவும் இயந்திரங்கள் உருளும் சத்தம் சாலைக்குக் கேட்கும். குந்தா வட்டாரம் மின்சாரத்தின் ஊர். அவலாஞ்சி, எமரால்டு அணைகளும் கீழே அடுக்கடுக்காக இருக்கும் மின்நிலையங்களும் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு 1950-களின் பிற்பகுதியில் எழத் தொடங்கியவை. மஞ்சூரை ‘மினி காஷ்மீர்’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. மஞ்சூர் மஞ்சூராகவே நன்றாகத்தான் இருக்கிறது. தங்குமிடங்கள் குறைவு. முன்கூட்டியே பேசி, ‘சைக்கிளை ரூமுக்குள்ளயே வெச்சுக்கலாமா’ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடைக்கு இறங்கும் ஒரு பாதை உண்டு. நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். வரைபடத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். கடை கிடையாது, பேருந்து அபூர்வம், செல்போன் சிக்னல் வந்து வந்து போகும், யானைகள் இருக்கும். முதல்முறை மலைக்கு வருபவர் அதில் இறங்க வேண்டாம் என்பேன். குழுவாக, ஒருமுறையாவது அந்த வழியில் பேருந்தில் போய்ப் பார்த்தவர்கள், வனத்துறையிடம் அன்றைய நிலவரம் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

புலிகள் காப்பகத்தைத் தொடாமல்

ஊட்டி வரை வந்துவிட்டு முதுமலை போகாமல் திரும்புவதா என்று கேட்பார்கள். சைக்கிளில் போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முதுமலை 2007-ல் புலிகள் காப்பகமானது. அதை ஒட்டியுள்ள பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. பகலிலும் அந்தச் சாலைகளில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. இந்த விதிகள் காருக்கு எழுதப்பட்டவை போலத் தெரிந்தாலும், அவற்றின் நோக்கத்தை யோசித்தால் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை என்பது விளங்கிவிடும். மேட்டில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், காட்டின் பார்வையில், காட்டுக்குள் இறங்கி நடக்கிறவர்தான். சோதனைச் சாவடியில் சைக்கிளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நண்பர்கள் சலித்துக்கொள்ளும்போது, சாவடிக்காரர் பக்கம்தான் நான் நிற்பேன். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை, முப்பத்தாறு வளைவுகளோடு, 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தால் நாடெங்கும் பெயர் பெற்றது. அந்தப் பயணம் முன்னும் பின்னும் துணை வண்டிகளோடு ஏற்பாடு செய்யப்படுவது. நானும் நீங்களும் இரண்டு பேராகப் போய் அதைச் செய்துபார்ப்பது வேறு விஷயம். அந்தப் பக்கம் போயே ஆக வேண்டுமென்றால் சைக்கிளை ஊட்டியில் விட்டுவிட்டுப் பேருந்தில் போய்வரலாம்.

கூடாரம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கூடாரத்தைக் கேரியரில் கட்டுகிறவர்கள் அதிகரித்துவிட்டார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் இறுகியிருக்கிறது. கூடாரத்தின் மூன்று கிலோ எடையை வீட்டிலேயே விட்டுவிட்டு லாட்ஜில் வெந்நீர் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

யானையும் வெளிச்சமும்

காப்பகத்தைத் தவிர்த்துவிட்டால் விலங்கே இருக்காது என்று அர்த்தமில்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் வரும் கல்லாறு, யானைகள் மலையடிவாரத்தில் கிழக்கு மேற்காகக் கடக்கும் வழித்தடம். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை, குன்னூர் சாலையில் பர்லியாறு ஆகிய இடங்களில் பலாப்பழம் பழுக்கும் காலத்தில் யானைகள் மேலேறி வந்து நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் பலா இல்லை. ஆனால் காடு காயக் காயத் தண்ணீருக்காக நடமாட்டம் கூடும். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடுகள் மேய்வது அன்றாடக் காட்சி. கரடியும் உண்டு.

சைக்கிளின் பெருமையாக நாம் சொல்லும் சத்தமின்மைதான் இங்கே ஆபத்து. பேருந்து வருவது யானைக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். சைக்கிள் வளைவைத் திரும்பி முப்பதடி தூரத்தில் திடீரென்று முளைக்கும்; திடுக்கிடும் யானை என்ன செய்யும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பார்வை மறைக்கும் வளைவுகளுக்கு முன்னால் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். கண்ணில் பட்டுவிட்டால் நூறு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்று, திரும்பிப் போகத் தயாராக சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். ஓரமாக நைசாகக் கடந்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். ஏற்றத்தில் யானையை விட வேகமாக மிதிக்கும் மனிதர் பிறக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலான ஏற்பாடு வழியோர டீக்கடை. டீ குடிக்கிறோமோ இல்லையோ, ஒவ்வொரு கடையிலும் இறங்கி விசாரிக்க வேண்டும். ‘கொஞ்சம் பொறுங்க தம்பி, மேல நிக்குது’ என்பார்கள். எது நிற்கிறது என்று சொல்ல மாட்டார்கள், சொல்லத் தேவையுமில்லை. எந்தச் செயலியும் தராத தகவல் அது. பத்து ரூபாய் சொச்சத்துக்கு டீயும் கிடைக்கிறது.

வெளிச்சத்தின் கணக்கு இங்கேதான் வந்து சேர்கிறது. காலை ஏழு மணிக்கு முன்னால் காட்டுச் சாலையில் இருக்கக் கூடாது, மாலை நான்கு மணிக்குப் பிறகும் கூடாது. மிச்சம் ஒன்பது மணி நேரம். அதில் இரண்டைப் பங்க்சருக்கும் யானைக்கும் மழைக்கும் ஒதுக்கிவிட்டால் ஏழு. ஏழு மணி நேரத்தில், உட்கார்ந்து எழுந்து, நமது கால் மணிக் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், அதிகம் போனால் இரண்டாயிரம். ஒரு நாளின் ஏற்றம் இதைத் தாண்டினால் அந்த நாளை இரண்டாக வெட்டுங்கள். சென்று சேரும் ஊரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் புறப்படும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பதினொரு மணி வரை மேட்டுப்பாளையத்திலேயே ஏதோ வேலை இழுத்துவிட்டதா, அன்று ஏற வேண்டாம். அங்கேயே ரூம் போடுங்கள். அல்லது ஒரு ‘குட்டியானை’ லோடு வண்டியை வாடகைக்குப் பிடித்துச் சைக்கிளை அதில் ஏற்றிக் குஞ்சப்பனை தாண்டி இறங்கிக்கொள்ளுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பல்லும் பையும்

ஐந்து சதவீத ஏற்றத்தில் நமது நூற்றிருபது வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். எட்டு சதவீதத்தில் ஐந்து. இந்த ஐந்தில்தான் சைக்கிளின் யோக்கியதை தெரியும். ரோடு பைக் என்று விற்கப்படும் பலவற்றில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28. அதில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும்போது பெடல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி நொந்துபோகும். முன்னால் 24, பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்தில் ஐம்பத்தைந்துக்கு மேல் சுற்றும். கால் இலகுவாக ஓடும். அதனால் பளபளப்பான ரோடு பைக்கை விட, முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சாதாரண ஹைபிரிடோ பழைய எம்.டி.பி.யோ நீலகிரிக்கு மேல். புதுச் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. பின்பக்கப் பல்தொகுதியை மாற்றித் தரச் சொன்னால் போதும். பெரிய பல்லுக்கு அந்தச் சைக்கிளின் கியர் மாற்றி இடம் கொடுக்குமா என்பதை மட்டும் மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் மேல் செங்குத்தாக வந்தால் இறங்கித் தள்ளுங்கள். மணிக்கு ஐந்தில் மிதிப்பதற்கும் நாலில் தள்ளுவதற்கும் வித்தியாசம் பெரிதில்லை.

கொண்டை ஊசி வளைவில் இடது பக்கம் திரும்பும்போது உள்வட்டம்தான் மிகச் செங்குத்து. எதிரில் யாரும் இல்லையென்றால் கொஞ்சம் விலகி ஏறினால் கால் பிழைக்கும். ஆனால் பேருந்து ஒன்று அதே வளைவில் திரும்புகிறதென்றால் உள்பக்கம் நிற்கவே கூடாது. முன்சக்கரம் அகலமாகச் சுற்றிப் போகும், பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வளைவுக்கு முன்பே காலை ஊன்றி நின்று, பேருந்து முழுக்கத் திரும்பிய பிறகு புறப்படுங்கள்.

பத்து கிலோ மூட்டை என்று கணக்குப் போட்டோம். அதை ஐந்தாக்கினால் கோத்தகிரி ஏற்றத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம். முதுகில் பை வேண்டாம், வேர்வையும் வலியும்தான் மிஞ்சும். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைதான் சரி. உள்ளே பாலித்தீன் உறை ஒன்று. இரண்டு செட் உடை, ஒரு ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், மழைக்கோட்டு. கருவிகளில் கஞ்சத்தனம் கூடாது: இரண்டு ட்யூப், டயர் நெம்பி, பம்ப், பங்க்சர் பசை, செயின் இணைப்பு, ஒரு ஜோடி பிரேக் கட்டை, முன்னும் பின்னும் விளக்கு. மலையில் பங்க்சர் கடைகள் உண்டு, ஆனால் காருக்கும் பைக்குக்கும். அங்கே கிடைக்கும் சைக்கிள் ட்யூப் பழைய பெரிய சைக்கிளுக்கானது. மெல்லிய வால்வு உள்ள உங்கள் ட்யூபுக்குக் காற்றடிக்கவே அவர்களிடம் முனை இருக்காது.

சாப்பாட்டைப் பற்றி யாரும் திட்டமிடுவதில்லை. கோத்தகிரி ஏற்றத்துக்கு மட்டும் உடம்பு எரிப்பது சுமார் 1,400 கலோரி. இட்லிக் கணக்கில் இரண்டு டஜனுக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் அத்தனையும் சாப்பிட்டுவிட்டு ஏற முடியாது. மணிக்கொருமுறை கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் என்று உள்ளே போக வேண்டும். வாழைப்பழத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் குரங்கு வாங்கிக்கொள்ளும், பைக்குள் வையுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். சொந்த பாட்டில் இரண்டு மூன்று கொண்டுபோய், சாலையோரத்தில் இருக்கும் வாட்டர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு மலை இல்லையே என்பது சென்னைக்காரர் குறை. ஏலகிரியில் பதினான்கு வளைவுகள், ஏற்காட்டில் இருபது. மூட்டையோடு ஒருமுறை ஏதாவதொன்றில் ஏறி இறங்கிப் பார்த்தால், நூறு மீட்டருக்கு உங்களுக்குக் கால் மணியா இருபது நிமிடமா என்பது தெரிந்துவிடும். பிறகு இந்தக் கட்டுரையின் கணக்கை அழித்துவிட்டு உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இறக்கம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் பள்ளம். நாலு நாள் மிதித்த அலுப்புக்கு இது பரிசு என்று நினைத்துக் கையை விட்டுவிடுகிறார்கள். ஏறும்போது கால் கொடுத்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெளியேறியாக வேண்டும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்கில் வெப்பமாகும். மொத்தத்தையும் கூட்டினால் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி உள்ளே ட்யூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கும் ஓர் அளவுக்கு மேல் பிடி தளரும். நேரான இடத்தில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் கையைத் தளர்த்தி விடுவதுதான் முறை. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். மழை பெய்தால் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. மலைச் சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தில் ஒரு சிக்கல். ஆறு மணிக்கு இறங்கினால் வண்டி இருக்காது, பர்லியாறு பக்கம் யானை இருக்கலாம். பத்து மணிக்கு இறங்கினால் யானை ஒதுங்கியிருக்கும், சாலை முழுக்க வேன். வார நாளாகப் பார்த்து எட்டு மணிக்குக் கிளம்புவது என் ஏற்பாடு. பதினோரு மணிக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். வந்ததும் குளிக்கப் போகாமல், நேராக ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்துக்குப் போய் இரவு ரயிலுக்குச் சைக்கிளைப் பதிந்துவிடுங்கள். ரயில் இரவில்தான் என்று மாலை வரை ஊர் சுற்றினால், கவுன்ட்டர் பூட்டியிருக்கும்.